பதினெட்டுக் கிலோமீட்டர்

இரவு இரண்டே கால். சட்பரி.
மைனஸ் இருபத்தேழு.
என் பின்னால் மூன்று வண்டிகள்
படிக்கட்டுப்போல் சரிந்து நின்று பனியை உழுது வருகின்றன.
விதைக்காத ஏர், அறுக்காத நிலம்.
முதல் வண்டி என்னுடையது.
ஆகவே முடிவும்.

ஓடைப் பாலத்துக்கு நானூறு மீட்டர் முன்னால்
கால் தானாகவே பிரேக்கைத் தேடிற்று.

சத்தம் ஏதும் கேட்டதா? இல்லை.
விளக்கு மினுங்கியதா? இல்லை.
இந்தக் குளிரில் நல்லதோ கெட்டதோ சொல்வதற்கு
ஒரு பல்லிகூடக் கிடையாது.
தராசில் வைத்துக் காட்ட முடியாத ஏதோ ஒன்று
அடிவயிற்றில் புரண்டு படுத்தது.

ரேடியோவை எடுத்தேன்.
"வலப்பக்கம் திரும்பறோம். பழைய சுரங்கச் சாலை."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு ரெனே, அந்தப் பிரெஞ்சு இழுவையில்:
"யோகா, அது பதினெட்டுக் கிலோமீட்டர் சுற்று."
"தெரியும்."
"பாலத்துக்கு என்ன?"
"தெரியாது."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன்.
அதைக் கவனித்தது மறுநாள்.

கண்ணாடியில் பார்த்தேன்.
முதலில் ஹர்பிந்தரின் மஞ்சள் விளக்கு திரும்பியது.
பிறகு ரெனே, முனகிக்கொண்டே
(வண்டியும் முனகும் என்று அன்றுதான் தெரிந்தது).
கடைசியில், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளே ஆன டேரன்.
ஈ காக்கை இல்லாத சாலையில்
இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினான்.
என் வயிற்றை நம்பி மூன்று பேர்.
சம்பளம் உயர்த்தியபோது
இதை யாரும் சொல்லவில்லை.

கறுத்த பாறைகள். எரிந்த நிறத்தில் நிலம்,
அதன்மேல் வெள்ளை.
இரண்டு நாளாக உழாத சாலையோரம் ஒரு வீடு,
வாசலில் விளக்கு.
இரவு உடையும் முழங்கால் பூட்சுமாக ஒருவர் மண்வெட்டியோடு நின்றார்.
ஆபத்து ஒன்றுமில்லை. உதவியும் கேட்கவில்லை.
ரயிலைப் பார்த்த பிள்ளைபோல் கையை மட்டும் உயர்த்தினார்,
நான்காவது வண்டி போகும்வரை.

இந்த ஊருக்கே வழி மாறி வந்தவள் நான்.
டிக்கெட் டிமின்ஸுக்கு. பஸ் இங்கே படுத்துவிட்டது.
மூன்று நாள் மோட்டல், வேர்க்கடலை,
சலவைக்கடைச் சுவரில் 'ஓட்டுநர் தேவை'.
பத்தொன்பது வருடமாக அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்
என்று சொல்லிச் சிரிப்பேன்.

பெருமையாகச் சொல்லவில்லை.
இளவழகனுக்கு எட்டாயிரம் டாலர் கொடு என்றதும்
இதே வயிறுதான்.

விடிந்தது.
பாலம் விழவில்லை.
ஒரு விரிசல்கூட இல்லை.
பள்ளிக்கூடப் பஸ் அதன்மேல்
குதித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
பாதை மாற்றியதற்கான காரணம்.
'பார்வை மங்கல்' என்று எழுதியிருக்கலாம்.
இங்கே அது செல்லுபடியாகும் காசு,
யாரும் உரசிப் பார்ப்பதில்லை.
எதிரே டேரன், காப்பிக் கோப்பையைக் கையில் உருட்டியபடி,
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'திரும்பத் தோன்றியது. திரும்பினேன்.
ஐம்பத்து மூன்று நிமிடம் தாமதம். என் பொறுப்பு.'

மேலாளர் இரண்டு முறை படித்தார்.
மூன்றாம் முறை படிக்காமல் கோப்பில் போட்டார்.
அந்த வீட்டுச் சாலையைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.

மறுநாள் இரவு, அதே நானூறு மீட்டர்.
ரேடியோவில் டேரன்:
"இன்னைக்கு எப்படி?"

வயிற்றைக் கேட்டேன்.
அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"நேரே" என்றேன்.
இரும்பின் மேல் ஏறும்போது
நால்வரில் ஒருவரும் பேசவில்லை.