இலேசு

மூன்று சனிக்கிழமையாகக் குண்டு தாழப் போகிறது.
கறுப்பு வட்டத்தின் அடிவயிற்றில்
ஏழு, ஏழு, ஆறு.
கையைக் குற்றம் சொன்னேன். மூச்சைச் சொன்னேன்.
புதுக் கண்ணாடியைச் சொன்னேன்,
அதற்குக் கொட்டிய காசையும் சேர்த்து.

பிறகுதான் பிடிபட்டது:
நெம்புகோல் இலேசாக மூடுகிறது.
முன்பு மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி
பல்லைக் கடித்து அமுக்கினால்தான்
காற்று உள்ளே அடங்கும்.
இப்போது கணிதப் பெட்டி மூடுகிற மாதிரி, டக்.
நான் அதைச் சுகம் என்று நினைத்திருந்தேன்.

வியாழன் இரவு கழற்றினேன்.
வெள்ளவத்தை, நாலாம் மாடி, எதிரே வெறும் கடல்.
ஆனாலும் திரையை இழுத்துவிட்டேன்.
ஆனாலும் உரிமப் பத்திரத்தை மேசையில் விரித்து
மைலோ டின்னைப் பாரம் வைத்தேன்.
வீட்டுக்குள் ஆர் கேட்கப் போகினம் என்பான் தெய்வீகன்.
கேட்ட வருடங்களில் அவன் டோஹாவில் இருந்தான்.
என் கவராயத்தின் முனையை
ஒருவர் பெருவிரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார்,
பம்பலப்பிட்டிச் சந்தியில், சோதனை நாளன்று.
சோதனை என்று நான் சொல்வது
சாதாரண தரக் கணிதத்தை.

பின்னை அடித்தெடுக்க
கலண்டர் ஆணியின் முனையைத் தேய்த்து வைத்திருந்தேன்.
மார்ச் மாதம் இன்னும் தரையில் கிடக்கிறது.
பல் கிளினிக்கில் வேலை; கொக்கி ஊசிக்குக் குறைவில்லை.
ஆனால் இரும்பு உலோகத்தைக் கீறும்,
கீறிய இடத்தால் காற்று போகும்.
பல்குத்தும் குச்சியால் நெண்டினேன்.
அடுத்தவர் வாயின் இருட்டில் பழகிய விரல்
அவசரப்படவில்லை.
வந்தது: ஒரு பக்கம் தட்டையாகி,
உள்விளிம்பில் மயிரளவு வெடிப்போடு
ஒரு ரப்பர் வளையம்.
இதுக்காகவா நான் மூச்சுப் பயிற்சி செய்தேன்?

பஞ்சிகாவத்தை. சீல் மட்டும் விற்கிற கடை.
பேன் எடுத்துக் காட்டுவதுபோல்
நகத்தில் வைத்து நீட்டினேன்.
நிஸ்தார் நானா அளவுகோலில் கவ்வி
வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
"என்னத்துக்கு தங்கச்சி?"
"ஸ்ப்ரேயருக்கு. பூச்சி மருந்து அடிக்கிறது."
நாக்கு என்னைக் கேட்கவில்லை.
பத்திரம் கைப்பையில்தான் இருந்தது,
பிளாஸ்டிக் உறைக்குள், முத்திரையோடு,
தேதி முடியாமல்.
"மருந்துக்கெண்டா சும்மா ரப்பர் ஊதிப்போகும்.
இத கொண்டுபோங்க."
பச்சை வளையம் நாலு, பழைய பில்லில் மடித்து.
பொய்க்கு
நல்ல ரப்பர் கிடைத்தது.

ஞாயிறு.
சிலிக்கோன் கிரீஸ் அரைச் சோற்றுப்பருக்கை அளவு;
கூடினால் வால்வில் போய் அடைக்கும்.
வளையத்தை முறுக்காமல் இருத்தி
பின்னைத் தட்டி
நெம்புகோலை மூடப் போனேன்.
மூடமாட்டேன் என்றது.
மேசை விளிம்பு. முழங்கை. பல்.
அப்பாடா,
எவ்வளவு நாளாயிற்று நீ என்னோடு மல்லுக்கட்டி!

காதை வைத்தேன், கசிகிறதா என்று.
அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில்.
யன்னல் கண்ணாடி, கரண்டிகள், மைலோ டின்
எல்லாம் அதிர்ந்து முடியும்வரை
அடைத்த காற்றோடு நானும் மூச்சை அடைத்து நின்றேன்.
ரயில் போனது.
கடல் கேட்டது. கீழ்வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது.
பிஸ்டலில் ஒன்றும் கேட்கவில்லை.

பழைய பேப்பர் திணித்த மரப்பெட்டிக்குள்
ஒரு குண்டு.
படார்.

அறைக்குள்ளிருந்து, இரவு வேலை முடித்த குரலில்,
"என்ன சத்தம்?"
கதவு என்று வாய்வரை வந்ததை
விழுங்கினேன்.
"பிஸ்டல்," என்றேன், கொஞ்சம் உரக்கவே.
"ம். பான் இருக்கா?"
இருந்தது.

மிச்ச மூன்று வளையமும் பொத்தான் டப்பாவில்.
பூச்சி மருந்துக்கும் தாங்குமாம்.