ஒன்றரை நாள் கணபதி

ஹாலில் இருந்தது ஒன்றரை நாள்.
குளியலறையில் ஆறு நாளாயிற்று.

வார்டு ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து
பொட்டலம் பொட்டலமாய் நான் கொடுத்த அதே தூள்தான்:
சிலை இரண்டு கிலோ என்றால் தூளும் இரண்டு கிலோ,
மூழ்கும் வரை தண்ணீர்,
அவ்வப்போது கிளறவும், நாற்பத்தெட்டு மணி நேரம்.
கையெழுத்துப் போடுங்கள். அடுத்தவர்.

களிமண்ணில் வாங்கு என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
ஸ்ரீரங் தூக்கி வந்ததோ பிளாஸ்டர்,
ரோஜா நிறத் தலைப்பாகை, கண்ணில் ஈரம்போல வார்னிஷ்.
"களிமண்ணுக்கு இந்த முகம் வராது" என்றான்.
பார்த்தேன். வராதுதான்.

போன வருஷம் முட்டா ஆற்றில் விட்டோம்.
மறுநாள் பஸ் பாலத்தைக் கடக்கையில்
கடக்வாஸ்லா அணையில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள்.
சேற்றில் முகம் குப்புற
முந்நூறு, நானூறு முதுகுகள்.
ஒன்றின் மேல் ஏறி நின்ற கொக்கு
அடியில் மீன் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தது.
எங்களுடையது எது என்று தேடினேன்.
முதுகை யாரும் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை.

அதனால் இந்த வாளி.
நெடியில் கண் எரிய எரிய
மரக்கரண்டியால் கிளறினேன். நுரை பொங்கியது.
முதலில் போனது பூணூல், அப்புறம் மோதகம்,
பிறகு வரம் தருகிற கை.
தும்பிக்கை மட்டும் வளைந்தே கிடந்தது.
வீட்டில் மூவரும்
வேறு பக்கம் திரும்பிப் பல் தேய்த்தோம்.
அடுத்த வருஷம் சீக்கிரம் வா என்று
தெருவே அதிரக் கத்தினோம்.
எப்படிப் போக வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஒரு காது மிச்சம்.
தேவ்தத் வாளிமேல் குனிந்து
அதில் எதையோ சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனான்.

மேலே தெளிந்ததை இறுத்து,
உரம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததால்,
பால்கனிச் செம்பருத்திக்கு ஊற்றினேன்.
நிறையத் தண்ணீர் கலக்கச் சொல்லும் வரி
மறுபக்கத்தில் இருந்தது.
மொட்டெல்லாம் கருகிவிட்டது.
அவருக்குப் பிடித்த பூ.

அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றைப்
பிடித்து வைத்துப் பார்த்தான் பையன்.
நிற்கவில்லை. விரலிடுக்கில் வழிந்தது.

இதை எங்கே கொட்டுவது என்று
ஆபீஸில் கேட்டேன்.
அது உன் மேசை அல்லவா என்றார்கள்.

வேறு வாளி வாங்கிக் குளிக்கிறோம்.