பதினொரு பாகைச் சூரியன்

ஏழு நிழல்கள்.
ஆர்லிஸ் புரூயிட் அவற்றைக் கண்டது
ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு வேளையில்,
சான்ட்விச்சின் கடுகுச் சாந்து விரலில் இருக்க.
"தொடாதே" என்றேன். தொட்டுவிட்டான்.
படத்தின் மேல் ஓரத்தில் அந்த மஞ்சள் கறை:
சந்தேகத்துக்கு இடமில்லாத
ஒரே மனிதத் தடயம்.

ஃபிளாக்ஸ்டாஃப், அறுபத்தேழு, நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் போனால்
என் காற்றுத்தூரிகை நடுங்கும்.
கடைசிப் பெட்டி கடக்கும்வரை
நிலவு காத்திருக்கும்.
விண்கலம் நாடா நாடாய் அனுப்பும் படங்களைப் பார்த்து
மலைகளுக்கு மை தூவுவது என் பிழைப்பு.
ஆர்லிஸ் படம் படிப்பவன்.
பத்தாண்டுகள் விமானப்படையில்,
யாருடைய காட்டிலோ யாரோ ஒளித்த
ஏவுகணைகளைத் தேடியவன்.
நேர்கோட்டைக் கண்டால்
அன்று அவனுக்குத் தூக்கம் கிடையாது.

"பார் வெர்னா, இடைவெளி எல்லாம் சமம்.
இயற்கைக்கு எதற்கு அளவுகோல்?"
"தேன்கூட்டைக் கேள்."
"தேன்கூட்டைத் தேனீ கட்டியது."
அந்தச் சுற்று அவனுக்கு.

"நிழல் நூறு மீட்டர், சூரியன் பதினொரு பாகை.
கோபுரம் இருபது மீட்டர்" என்றான்.
"தரை சமமென்று யார் சொன்னது?
ஆறு பாகை சரிந்தால் போதும்,
ஒன்பது மீட்டர் பாறைக்கும் இதே நிழல்.
அந்தியில் நீயும்தான் பனைமரம்."
பென்சிலைக் கடித்தான்.
இந்தச் சுற்று எனக்கு என்று நினைத்தேன்.

பூதக்கண்ணாடியை நானும் வாங்கிப் பார்த்தேன்.
கல்லென்று பார்த்தால் கோபுரம் காணவில்லை.
கோபுரமென்று பார்த்தால் கல் காணவில்லை.
கண் சிமிட்டும் நேரத்தில்
இரண்டும் இடம் மாறிக்கொண்டன.
அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பொறி வைத்தேன்.
குறிப்பைக் கிழித்தெடுத்த இன்னொரு படம்.
"இது?"
மூன்று நிமிடம் குனிந்திருந்தான்.
"விண்கல் மோதிய குழிகள். சில பழசு, சில புதுசு.
கை படாத நிலம்."
"சிண்டர் லேக். பன்னிரண்டு மைல், வடகிழக்கே.
ஜூலையில் நம்மாட்கள் டைனமைட் வைத்துத் தோண்டியது,
விண்வெளி வீரர்கள் நடந்து பழக.
ஒரு நிலவுப் படத்தைப் பார்த்து
குழிக்குக் குழி நகல்."
அவன் செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தவன்.

முகம் வாடும் என்று பார்த்திருந்தேன்.
மெல்ல நிமிர்ந்தான்.
"அப்படியானால், வெர்னா,
வெட்டி வைத்ததை
நான் இயற்கை என்று சொல்லக்கூடியவன்.
இத்தனை நாளில் எத்தனையை
வெறும் கல் என்று தள்ளியிருப்பேன்?"
பொறி திரும்பி
என் காலைக் கவ்வியது.

மாலை, கார் நிறுத்துமிடத்தில்,
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டியபடி
கேட்காமலே சொன்னான்:
"ஒருமுறை தானியக் கிடங்கொன்றை
ஏவுதளம் என்று எழுதிக் கொடுத்தேன்.
கிடங்கென்று பிறகுதான் தெரிந்தது."
"பிறகு?"
"பிறகு அந்த இடத்தின் படம்
எனக்கு வரவே இல்லை."
பைன் மரங்களுக்கு மேல் நிலவு ஏறியிருந்தது.
இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
நாள் முழுக்கப் பார்த்தது அதைத்தானே.

திங்கட்கிழமை அந்தத் தாளை வரைந்தேன்.
ஏழு நிழல், அதனதன் நீளத்தில்.
அடியில் நிற்பது எதுவோ
அதற்கு உருவம் கொடுக்கவில்லை.
வெள்ளைத் தாளை வெள்ளையாகவே விட்டேன்.

மேலாளர் லாங்ஸ்ட்ரெத் வந்து
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"இந்த ஏழு கோடு?"
"நிழல்கள்."
"எதனுடைய நிழல்கள்?"

அப்போது ரயில் வந்தது.
மேசை அதிர்ந்தது, மைக்குப்பி அதிர்ந்தது,
தூரிகையை உயர்த்திப் பிடித்தபடி
பெட்டிகளை எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு.
ஓய்ந்தபோது
அவர் அடுத்த மேசையில் இருந்தார்.