கையேட்டின் ஓரத்தில் எழுதியவை

அடுத்த ஆண்டு இந்தக் கையேடு யார் கைக்கு வருகிறதோ அவருக்கு:
ஓரங்களில் இருப்பது என் கிறுக்கல்.
காப்பிக் கறையும் என்னுடையதுதான்.

பதினான்கு பக்கம், வழவழப்பான தாள்.
அட்டையில், ஆள் உயரக் காசோலையைத்
தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகள்.
ஏழு வாரம். ஒன்பது அணி.
குழந்தைகள் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு
அதிகம் திரட்டுகிறவருக்குக் கோப்பை.

இரண்டாம் பக்கம்: "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரை எழுதுங்கள்."
துலூத்தில் பதினோரு ஆண்டாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
முப்பத்திரண்டில் நின்றுவிட்டது பேனா,
பல் மருத்துவரையும் சேர்த்து.
அப்புறம் நிறுத்தங்களை எழுதத் தொடங்கினேன்.
சிவப்புக் கதவு. உடைந்த தபால்பெட்டி.
காலையில் மட்டும் சன்னலில் அசையும் ஒரு கை.
பெயர் தெரியாத கைகளே அறுபதுக்கு மேல் தேறின.

கீட்டன் டால்கியின் அப்பா கார் விற்கிறவர்.
முதல் வெள்ளிக்கிழமையே ஒரு விருந்து, ஒரு ஏலம்,
பதினெட்டாயிரம் டாலர்.
நாங்கள் அந்த வாரம் தேவாலயத்தின் நிலவறையில்
காட்டரிசி சூப் விற்றோம்.
செலவு போக இருநூற்றுப் பதினொன்று.
நாலாம் பக்கம் சொல்கிறது: "ஒப்பிடாதீர்கள்."
அதே பக்கத்தின் அடியில்
தரவரிசைப் பலகையை மணிக்கொருமுறை பார்க்கும் வழி.

"கடிதங்களைப் பிள்ளையே எழுதட்டும்." ஐந்தாம் பக்கம்.
எழுதினேன், சோல்வெய் பெயரில், மூன்று.
கண்டுபிடித்துவிட்டாள்.
"நான் எங்கேம்மா 'தாழ்மையுடன்'னு எல்லாம் சொல்லுவேன்?"
பனிக்காலணியை மாட்டிக்கொண்டு
தானே கதவு தட்டக் கிளம்பினாள்.
மைனஸ் இருபத்துமூன்று. ஏரிக் காற்று வேறு.
நான் தெருமுனையில், எஞ்சினை அணைக்காமல்.

ஏழாவது நிறுத்தத்தை விட்டுவிடு என்றேன்.
பெலாஞ்சர் வீடு.
இரண்டு குளிர்காலம் முன்புவரை
அங்கே ஒரு பையன் ஏறுவான்,
எப்போதும் கடைசி நொடியில், கோட்டுப் பொத்தான் மாறி.

அவள் விடவில்லை.
நாற்பது நிமிடம் கழித்து வந்தாள்.
காசு இல்லை. ஒரு டப்பா நிறையப் பொரித்த ரொட்டி.
"என்ன சொன்னாங்க?"
"அவன் படத்தைப் போடாதேன்னாங்க. கதையையும்."
வீடு வரை டப்பா அவள் மடியில் இருந்தது.
கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஆறாம் பக்கம், தடித்த எழுத்தில்:
"மனதை உருக்கும் ஒரு கதை நன்கொடையை மும்மடங்காக்கும்."
இறுதி நாள் மேடையில் எல்லாருக்கும் ஒரு கதை இருந்தது,
பின்னால் பியானோவோடு.
என் மகள் போய் நின்று
நூற்று நாற்பத்தொரு கதவு தட்டினேன்,
எண்பத்தெட்டு திறந்தது,
நாய் இரண்டு முறை கடித்தது
என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.
அரங்கில் யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

ஒன்பதில் ஐந்தாவது.

கையேட்டில் இல்லாத பக்கம் ஒன்று உண்டு.
அதற்கு முந்தைய இரவு, பலகை மூடப் பத்து நிமிடம்.
நாலாவது இடத்துக்கு இன்னும் முன்னூற்று ஆறு டாலர்.
சோல்வெய் காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள்.
நான் சமையலறை இருட்டில் போனோடு.
அட்டை எண்ணில் பன்னிரண்டு இலக்கம் தட்டினேன்.
மீதி நாலு எனக்கு மனப்பாடம்.
அன்று மறந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டால்கி பையனின் பணத்திலும் மருந்து வாங்கலாம்.
இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏப்ரல் ஆனது,
ஏரியில் பனி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு.

மற்றபடி: ரசீதுப் புத்தகத்தை உறைக்குள் வையுங்கள், மை உறைந்துவிடும்.
கையுறை இரண்டு ஜோடி.
டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்க
நீங்களே நேரில் போங்கள்.