நாடி

கடையில் தக்காளி எடுக்கும்போதுதான் முதலில் தெரிந்தது:
நான் பார்ப்பது தக்காளியை,
என் முகம் பார்ப்பது பாண் அடுக்கை.
யாரோ இடப்பக்கம் நின்று கூப்பிட்டதுபோல்
தலை திரும்பியிருந்தது.
ஒருவரும் கூப்பிடவில்லை.
நேராக்கினேன், திரும்பியது.
பிடித்து நேராக்கினேன்,
நடுங்கிக்கொண்டே திரும்பியது.

தலையணையை மாற்றச் சொன்னார் குடும்ப வைத்தியர்.
மூன்று தலையணை மாற்றினேன்.
அடுத்த வருடம், "மன அழுத்தம்" என்றார்,
"உங்கள் நாட்டுப் போர் இன்னும் நினைவில் வருமா?"
வரும்.
ஆனால் அது இடப்பக்கமிருந்து மட்டும் வருவதில்லை, டொக்டர்.
இதைச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

கண்ணூறு என்று மைத்துனி நூல் கட்டினாள்.
குணபாலன் இரவுகளில் எண்ணெய் பூசினான்.
"இது கழுத்தோ தேர்வடமோ" என்றான் ஒருநாள்.
சிரித்தோம்.
பிறகு அவன் பூசும்போது பேசுவதை விட்டுவிட்டான்.

முதியோர் இல்லச் சமையலறையில் மேலாளர் கேட்டார்,
"ஞாயிறும் வருவீர்களா?"
வாய் ஓம் என்றது.
தலை இல்லை இல்லை இல்லை என்று ஆடியது.
அவர் தலையை நம்பினார்.
எதற்கும் தலையாட்டியே பழகியவள் நான்;
இவ்வளவு பிந்தியா வந்து கழுத்தில் ஏறவேண்டும்
இந்தப் பிடிவாதம்?

பேர்ன் பெரிய ஆசுப்பத்திரியின் கடிதம்
ஏழு மாதம் தள்ளி ஒரு செவ்வாயைத் தந்தது.
நாட்காட்டியைக் கழற்றி
இடப்பக்கச் சுவரில் மாட்டினான் குணபாலன்.

டொக்டர் ஏபிஷர், என்னிலும் இளையவர்.
படங்கள் நிறைந்த உறையைத் திறக்கவேயில்லை.
கதிரையில் இருந்து, வழக்கம்போல்,
நாடியில் ஒரு விரலை வைத்தேன்.
அழுத்தவில்லை, சும்மா தொட்டேன்.
தலை நேராக நின்றது.
"அதை இன்னொரு தரம் செய்யுங்கள்" என்றார்.

பஸ்ஸில் தற்செயலாகக் கண்டுபிடித்த களவு அது.
புதினம் கேட்டு வியக்கிறாள்,
ஏதோ பெரிதாக யோசிக்கிறாள்
என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும் என
நான்கு வருடம் ஒளித்துவைத்திருந்தேன்.
அவருக்கு அந்த விரல்தான் விலாசம்.
டிஸ்டோனியா என்று
ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்.
மாறாது, குறையும் என்றார்.
தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர்
"ஏன் அமைதியாக இருக்கிறா?" என்று கேட்டார்.
அழுவதை யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி.
முதலில் தசைக்குள் ஒரு கம்பி;
அது கேட்பதை ஒலிபெருக்கி சொல்லும்.
கடுகு வெடிப்பதுபோல் இருக்கிறது
என் கழுத்தின் கோபம்.
மருந்து இறங்கியபின்
அடுப்பை அணைத்த சமையலறை.
நடிகைகள் சுருக்கம் நீக்கப் போடும் அதே ஊசி என்று
மைத்துனி எங்கோ அறிந்துவந்து,
"அப்ப முகத்துக்கும் கொஞ்சம் கேளன்" என்கிறாள்.
காப்புறுதிக்காரருக்கும் அதே சந்தேகம்.
மூன்று கடிதம் எழுதவேண்டியிருந்தது.

பத்தாம் கிழமையில் கடுகு மறுபடி பொரியத் தொடங்கும்.
அந்த நாட்களில்தான் அதிகம் பேர் வருவார்கள்
நூலகத்தின் பின் அறைக்கு.
ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஹான்ஸ்ருடிதான் கதிரை போடுபவர்.
"எந்தப் பக்கம்?" என்றார், பெயர் கேட்குமுன்.
"இடம்."
"அப்படியென்றால் வலது ஓரத்தில் இருங்கள்,
எங்கள் எல்லாரையும் பார்க்கலாம்."
ஒருவர் கன்னத்தில் கைவைத்திருந்தார்,
ஒருத்தி பிடரியில்,
அவருக்குத் தாடியில் இரண்டு விரல்.
நான் என் விரலை எடுத்தேன்.
தலை ஆடியது.
யாரும் அதை இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பூர்க்டோர்ஃபுக்குத் திரும்பும் ரயிலில்
ஓட்டத்துக்கு எதிர்முகமான இருக்கையைத் தேடுகிறேன்.
அப்படி இருந்தால்தான்
மலைகள் என் பக்கம் வரும்.
இன்று முழுக்க முகில்,
ஒரு மலையும் இல்லை.
முகம் அங்கேதான் திரும்பியிருக்கிறது.
பார்க்கட்டும்.