பதினொன்று புள்ளி நான்கு

பத்து மாவுங் ஜெட்டியிலிருந்து காலை ஆறரைக்குப் படகு.
என் வேலை ஆழம் எழுதுவது.
கருவி ஒலியை இறக்கும், அடிமண் திருப்பி அனுப்பும்,
போய்வந்த நேரத்தில் பாதியை எடுத்தால்
கடல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.
பள்ளிக்கூடக் கணக்குதான்.

மார்ச் மாதம், மூன்றாம் செவ்வாய்,
பூலாவ் ரீமாவுக்குத் தெற்கே
ஒலி இறங்கியது.
திரும்பவில்லை.
பிறகு திரும்பியது,
நான் அனுப்பாத ஒரு கேள்வியோடு:

பசியாறியாச்சா?

காதில் விழவில்லை. எனக்குள், என் குரலிலேயே,
பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில்
எதிர்வீட்டுக்காரி கேட்கிற அதே சாதாரணத்தில்.
"இன்னும் இல்லை" என்று வாய்விட்டே சொன்னேன்.
சுக்கான் பிடித்திருந்த ஹம்டான் திரும்பிப் பார்த்தான்.
அவனும் மலாயில் அதே பதிலைச் சொல்லி முடித்திருந்தான்:
பெலும்.

திரையில் ஒரு நிழல்.
எங்கள் படகைப்போல் நான்கு மடங்கு.
முகம் என்று சொல்லத்தக்க இடத்தில்
ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளைகள், மூன்றும் திறந்து.
மூன்று கண் என்றால் நமக்குக் கும்பிடத்தான் தெரியும்.
கைகள் தாமாகக் கூடப் போயின.
வலக்கையில் பேனா இருந்தது. பேனா எழுதியது:
பதினொன்று புள்ளி நான்கு.

அன்றிலிருந்து தினமும் அதே எண்.
கருவி முப்பது காட்டும், அறுபது காட்டும்,
ஒருநாள் எண்ணே இல்லாமல் வெறும் கறுப்பைக் காட்டியது.
நான் பதினொன்று புள்ளி நான்கு எழுதுவேன்.
பொறியாளர் சியூ மேய் கையெழுத்துப் போடுவாள்.
அவளுக்கு மேலே முத்திரை விழும்.
யாரும் யாரையும் மிரட்டவில்லை,
ஒரு வெள்ளி கைமாறவில்லை.

அவற்றின் மொழியில் 'நான்' கிடையாது.
அந்த ஒரு சொல்லை மட்டும் எங்களிடம் இரவல் வாங்குகின்றன.
எனக்குத் தோன்றுகிறது,
எனக்கென்னவோ இப்படிச் செய்தால் சரிவரும் போலிருக்கிறது,
என்று யாராவது கூட்டத்தில் ஆரம்பித்தால்
நான் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைக்கிறேன்.

தின்ற ஒவ்வொன்றின் ஞாபகமும் அவற்றிடம் பத்திரமாக இருக்கிறது.
இரவில் எனக்கும் கொஞ்சம் கசியும்.
மலைகள் நீரைவிட்டு எழுந்தபோது வந்த எரிச்சல்.
முதல் மீன் கரையேறியது, ஒரு துரோகமாக.
கடாரத்துக்கு வந்த சோழக் கப்பலிலிருந்து
தவறி விழுந்தவன் ஒருவன்,
கடைசியாக நினைத்தது வீட்டில் ஊறப்போட்ட புளியை.
அந்தப் படையை யார் கூப்பிட்டது
என்று எந்தக் கல்லிலும் வெட்டவில்லை.
எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தால் கொட்டாவி வருகிறது.

லாரி லாரியாகக் கல்.
கப்பல் கப்பலாக மணல்.
கடலைத் தூர்த்துத் தீவு கட்டுகிறோம்,
வீடு வரும், ரயில் வரும், விளம்பரப் பலகையில்
சைக்கிள் ஓட்டும் குடும்பம் ஏற்கெனவே வந்துவிட்டது.
அடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு
அதன் பெயர் கூரை.
வெயில் பிடிக்காது அவற்றுக்கு.
எலும்புகள் உண்டாவதற்கு முன்பிருந்தே பிடிக்காது.
ஆனால் கையில்லாத இனம்.
கைகள் எங்காவது முளைக்கட்டும் என்று
காத்துக் கிடந்தது.

நேற்று உண்மையான எண்ணை
உள்ளங்கையில் எழுதி மூடிக்கொண்டேன்.
பேருந்தில் திறக்கவில்லை.
லிப்டில் திறக்கவில்லை, சாவியை இடக்கையால் திருப்பினேன்.
குளியலறையில் குழாய் எப்போது திறந்ததோ,
கை அதன் கீழே இருந்தது.
மை போய்விட்டது. விரல் இடுக்கில்
மெல்லிசாக, ஒளி ஊடுருவ, ஏதோ ஒட்டியிருந்தது.
சோப்பு என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

நாளையும் ஆறரைக்குப் படகு.
ஹம்டான் நாசி லெமாக் வாங்கி வருவான்.
படகில் நாங்கள் இருவர்.
மூன்று பொட்டலம் வாங்குவான்.