ரிஜெக்ட் டப்பா

முள்ளின் வளைவை வைஸ் கவ்வியதும்
கண்ணுக்குப் பின்னால் நூல், பதினோரு சுற்று.
இப்போதெல்லாம் நான் எண்ணுவதில்லை,
விரல் எண்ணிக்கொள்ளும்.
வாலுக்கு மராபு.
ஏதோ நாரையின் பெயராம்,
பிடுங்குவது வான்கோழியில்.
உடம்புக்கு வெள்ளிச் சரிகை,
என் முகூர்த்தப் புடவையில் இருந்ததைவிட நிஜமாகப் பளபளக்கும்.
முதுகுக்கு மான்வால் மயிர், பாசி நிறச் சாயம்,
கழுத்தில் சேவல் பிடரி.
கடைசியாக இரண்டு கண்கள்,
ஒட்டும்போது மூச்சு விடக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகர ஷெட்.
முப்பத்திரண்டு பெண்கள்
நாளெல்லாம் மீன்குஞ்சு செய்கிறோம்.
இறகு பறக்குமென்று மே மாதத்திலும் ஃபேன் கிடையாது.
வியர்த்த மேலுதட்டில்
மஞ்சளாய், ரோஸாய் மீசை முளைக்கும்.
மத்தியானம் ரசத்தில் ஒரு மயிர் மிதந்தால்
ஹேமாவதி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்:
"மான்தான், பரவாயில்லை."
அவள் சைவம்.

அட்டையில் இரண்டு வகை.
ட்ரவுட்டுக்குச் சின்னது, பாஸுக்குப் பெரியது.
பாஸுக்குக் கட்டியதெல்லாம் பாஸ் ஆகாது என்பது
புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஜோக்.
ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில்தான் வாழுமாம்.
நானும்தான் வாழ்வேன்,
கொடுத்தால்.

தணிகாசலம் சார் டஜனில் முதலாவதையும் கடைசியையும்
கண்ணாடித் தொட்டியில் விட்டு இழுப்பார்.
சாய்ந்தால் அட்டையோடு ரிஜெக்ட்.
என்னுடையது சாயும்.
எனக்கு இடக்கை; நூல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ
இறகும் அந்தப் பக்கம்.
"மீன் நேரா போகணும்மா."
எந்த மீன், எங்கே போகிறது என்று கேட்டதில்லை.
கேட்டால் அவருக்கும் தெரியாது.

ரிஜெக்ட் டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.
பிள்ளை ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு அழுதபிறகு
எல்லாவற்றையும் பிலோமினாவிடம் கொடுத்தேன்.
அவள் வீடு எண்ணூர், தாழங்குப்பம்.
"ஞாயித்துக்கிழமை நீயும் வா."

புகைபோக்கிகளுக்குக் கீழே
சாம்பல் கரைந்த வத்தத் தண்ணி
கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
பாலத்திலிருந்து தங்கூஸை இறக்கினாள்,
நுனியில் ஈயக்குண்டு, அதற்கப்பால் என் கோணல்.
இழுக்கவே இல்லை.
ஓட்டமே அதை எடுத்துக்கொண்டது.
கொஞ்சம் போகும், ஒருக்களிக்கும்,
வயிற்று வெள்ளியைக் காட்டும்,
நினைவு வந்ததுபோல் மறுபடி நிமிரும்.
என் கையால் கட்டியது
இப்படி வலிப்பதுபோல் நடிக்குமென்று
எனக்குத் தெரியாது.

அடித்தபோது பாலமே இழுத்த மாதிரி இருந்தது.
என் கையில் கொடுத்துவிட்டாள் பாவி.
ஆள்காட்டி விரலில் தங்கூஸ் அறுத்த கோடு
இன்னும் இருக்கிறது, பாருங்கள்.
கொடுவா, ஒன்றே முக்கால் கிலோ.
சிமெண்டில் கிடந்து
கண் இரண்டும் தணல்போல் எரிந்தன.

"நேரா போறத எவன்டி துரத்துவான்?
அடிபட்டதத்தான் துரத்துவான்."
பிலோமினா வாயிலிருந்து முள்ளைத் திருகியபடி சொன்னாள்.
நான் சிரிக்கவில்லை.
ராத்திரி ஒன்பதரை மணி பஸ், ஷேர் ஆட்டோ,
தெருமுனையில் மூன்று பேர் நிற்கும் டீக்கடை,
எல்லாம் எனக்கு நினைவு வந்தது.
அந்தக் கடையை நான் கடப்பது எப்படி?
நேராக. முதுகு நிமிர்த்தி. வேகமாக.

பூச்சியைத் திருப்பித் தந்தாள்.
இறகு மென்று கிடந்தது, ஒரு கண்ணைக் காணோம்.
மீனுக்குள் போயிருக்கும்,
அல்லது கழிமுகச் சாம்பலில்
மூடத் தெரியாமல் கிடக்கும்.

நூலை எதிர்ப்பக்கம் சுற்றப் பழகிவிட்டேன்.
இந்த மாதம் ஒரு அட்டைகூடத் திரும்பவில்லை,
தணிகாசலம் சாருக்கு ஆச்சரியம்.
ஏழாவதை மட்டும்
என் கை போன போக்கில் கட்டுகிறேன்.
எந்த ஊர்க் குளிரிலோ
இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் யாரோ,
பெட்டியில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்த்து அலுத்து,
கடைசியில் இதையும் எடுப்பார்.
"இது கோணலாச்சே" என்பார் அவர் பாஷையில்.
போடட்டும்.